ஷெரிலுக்காக ஒரு மன்றாட்டு

என் தம்பி பிரகாசத்தைத் தங்கமான மனுஷன் என்று மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயில் பங்கு மொத்தமும் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அவனை நினைத்தால் வயிறு எரிகிறது.

அவன் மகள் ஷெரில் பத்தாவது படிக்கிறாள். மேல்பல் கொஞ்சம் எடுப்பு. ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவள் அவள்தான். அப்படி ஒரு கணீர்க் குரல். வரப்போகும் திருவிழாவில் பிஷப் முன்னால் வாசிக்கவும் சாமியார் அவளைத்தான் சொல்லியிருந்தார். தினமும் கண்ணாடி முன் நின்று பழகினாள்.

எங்கள் கோயில் பூசை யூடியூபில் நேரலையாகப் போகும். எந்தப் பொறுக்கியோ அதில் அவள் பல் தெரிகிற இடத்தை மட்டும் வெட்டி இன்ஸ்டாவில் போட்டுவிட்டான். "தேங்கா துருவி" என்று கீழே ஒரே கிண்டல். கூடப் படிக்கிறதுகளும் சேர்ந்து சிரித்தன. அவளோ போனும் கையுமாக அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். கண்ணாடிப் பக்கம் போவதை விட்டாள். பேசும்போது வாயைக் கையால் மறைத்தாள்.

"விடுடி, நாலு நாள்ல மறந்துடுவானுங்க" என்றேன். மறந்தும் இருப்பார்கள். என் தம்பி விட்டால்தானே!

காய்ச்சலோ பரீட்சையோ, எதற்கும் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபம் கேட்பது வழக்கம். இவன் அந்த வீடியோவையும் சேர்த்து அனுப்பி, "என் மகளின் பல்லைக் கேலி செய்கிறார்கள், ஜெபியுங்கள்" என்று எழுதினான். பார்க்காதவர்களும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு மன்றாட்டின்போது ஒருவர் மைக்கில், "கேலியால் மனம் உடைந்த நம் ஷெரிலுக்காக" என்றார். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் மொத்தமும். கேமரா திரும்பி அவள் முகத்தில் நின்றது. சாயந்திரமே அதையும் வெட்டிப் போட்டான் அந்தப் பாவி.

தம்பி வீட்டுக்குப் போய்க் கத்தினேன். "அறிவிருக்காடா உனக்கு?"

"ஜெபம்தானேக்கா கேட்டேன்?"

ஷெரில் அழவில்லை. "டாடி, எம் பல்லப் பத்தி அத்தன பேருக்குச் சொன்னீங்களே. நான் நல்லா வாசிப்பேன்னு ஒருத்தர்கிட்டயாவது சொன்னீங்களா?"



திருவிழாவில் வேறொரு பெண் வாசித்தாள். ஷெரில் மாஸ்க் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் ஓரிடத்தில் தடுமாறி நின்றாள். மாஸ்குக்குள்ளிருந்து அடுத்த வரி மெதுவாக என் காதில் விழுந்தது.