மணி அடிக்காமல் இறங்காத தேவதூதன்

வகுப்பிலேயே எடை குறைந்தவள் நான். அந்த ஒரே தகுதியில்தான் மூன்றாம் வகுப்பில், பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்குத் தேவதூதன் வேடம் கிடைத்தது. நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். ஆனால் எங்கள் கே.ஜி.எஃப். தங்கவயலில் டிசம்பர் வந்துவிட்டால், யார் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

டீச்சருக்கு அந்த வருஷம் ஒரு பெரிய ஆசை. தேவதூதன் வானத்திலிருந்து இறங்கி வந்து, குழந்தை பிறந்த சேதியை மேய்ப்பர்களுக்குச் சொல்ல வேண்டும். ஹால் உத்தரத்தில் கப்பி மாட்டி, ஊஞ்சல் பலகையில் என்னை உட்காரவைத்து, பின்திரைக்கு அந்தப் பக்கம் யாராவது கயிற்றைப் பிடிக்க வேண்டும். யார் என்ற கேள்வியே எழவில்லை. என் அப்பா மைன்ஸில் வைண்டிங் டிரைவர். சுரங்கத்தின் ஷாஃப்டுக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை, மேலே இருந்தபடி கயிற்றால் ஓட்டியவர். மைன்ஸ் மூடியதிலிருந்து வீட்டில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். "எங்கியாவது போய் நாலு பேரப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. டீச்சர் கூப்பிட்டதும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மணி அடித்தால்தான் கயிறு நகரும். வைண்டிங் டிரைவர் கண்ணில் கேஜும் படாது, அதில் ஏறியவர்கள் முகமும் படாது. மணிச் சத்தத்தை நம்பித்தான் வண்டி ஓட்ட வேண்டும். எவ்வளவு இறக்குவது என்று கயிற்றில் சாக்பீஸால் குறி போட்டார். பள்ளி மணியை மேய்ப்பனாக நடித்த ஒரு பையனிடம் கொடுத்தார்கள்.

விழா நாளில் மேடைத் திரை விலகியபோது நான் மேலே தொங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் என்னுடைய ஜரிகைக் காகித இறக்கைகளைப் பார்த்து வாயைப் பிளந்தான். கையிலிருந்த மணி அவனுக்கு மறந்தே போனது. பயப்பட வேண்டாம் என்று மேய்ப்பர்களுக்குச் சொல்ல வேண்டிய நான், கயிற்றைக் கட்டிக்கொண்டு நடுங்கினேன்.

"இறக்குங்கண்ணே" என்று டீச்சர் ஓரத்திலிருந்து கிசுகிசுத்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "பெல் வரலியே டீச்சரம்மா. ஆள் ஏறி இருக்குது, சும்மா எப்படி இறக்கறது?"

முன்வரிசைகள் கொல்லென்று சிரித்தன. எனக்கு மானம் போனது. பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்த மைன்ஸ் ஆட்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர், "டேய் தம்பி, பெல்லு அடிடா" என்று அதட்டினார். பையன் பதறிப்போய் அடித்தான்.

கயிறு நகர்ந்தது. பாதம் தரையைத் தொட்டதுகூட எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக இறக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லோர் கண்ணும் எனக்குப் பின்னால் இருந்த திரையின் மேல் இருந்தது. மாசக்கணக்கில் மனப்பாடம் செய்த என் வசனம் யார் காதிலும் விழவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

நாடகம் முடிந்ததும் சண்டை போடத்தான் திரைக்குப் பின்னால் போனேன். அப்பா இன்னும் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். இறங்கியதும் அடிக்க வேண்டிய மணியையும் அந்தப் பையன் அடித்திருக்கவில்லை.

"எறங்கிட்டியா பாப்பா?"

"இங்கதான நிக்கிறேன்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் கயிற்றைத் தளர்த்தினார். வெளியே கேக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா காலிப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் ஏறுறியா? ஒரே தரம். பெல் அம்மாவ அடிக்கச் சொல்றேன்."

"போப்பா, கேக்கு தீந்துடும்" என்று ஓடினேன். எனக்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.