நாலாவது பாட்டு

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பொறுமையைப் பற்றி உறவினர் பலரும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமையை ஆகக் கடுமையாகச் சோதித்தவன் யார் என்று ஒருவரும் எழுதவில்லை. அதை உடன்பிறந்த தம்பியாகிய நான் எழுதுகிறேன்.

அண்ணன் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர். கப்பலேறி வந்து பந்தலூரில் குடியேறியபோது என்னைத் தோளில் தூக்கி வந்தவர் அவர்தான். கூலி வேலையில் தொடங்கி, தனியார் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கராக உயர்ந்தார். அங்கே எனக்கு உதவியாளர் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவரே.

ஊரைவிட்டுப் போன எஸ்டேட் மேனேஜர் ஒருவர் அண்ணனுக்கு ஒரு கேசட் கொடுத்தார். அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர் ஒருவர், பேர் எடுக்கும் முன்பு இளவயதில் பாடிய ராக்கபில்லிப் பாட்டுகளின் தொகுப்பு அது. கிட்டார் துள்ளும், குரல் விக்கி விக்கி ஓடும். அண்ணனுக்கு ஆங்கிலத்தில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் தெரியாது. ஆனால் அத்தனை பாட்டும் மனப்பாடம்.

அரைத்த இலையைப் புளிக்கப் பரப்பியதும் கேசட்டைப் போடுவார். இரண்டு பக்கமும் ஓடி முடியும்போது இலை செம்பு நிறத்துக்கு வந்திருக்கும். உடனே காயவைக்க ட்ரையருக்கு அனுப்புவார். சுவரில் கடிகாரம் இருந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. முதல் பக்கத்து நாலாவது பாட்டு என்றால் அவருக்கு உயிர். நடுவில் சட்டென்று நின்று, ஒரு மூச்சு விட்டு, மறுபடி பாயும். நிற்கும் இடத்தில் அண்ணன் மேசையில் ஒரு தட்டு தட்டுவார்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் பலர் கொழுந்தைச் செடியிலேயே விட்டார்கள். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இனி ஒருத்தரத்தானப்பா வெச்சுக்க முடியும்" என்றார்.

அந்த வாரம் கேசட் நாடா சிக்கிக் கிழிந்தது. அண்ணன் வருவதற்குள் கிழிந்ததை வெட்டி ஒட்டினேன். நாலாவது பாட்டு முழுதாகப் போய்விட்டது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். மூன்றாவது முடிந்து நேராக ஐந்தாவது பாட்டு வந்தது. அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மேசையில் ஒரு தட்டு தட்டினார்.

அவர் காது எப்போதோ போயிருந்தது. இத்தனை நாளும் எங்கள் உதட்டைப் பார்த்தே சமாளித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் நின்றேன்.

"அண்ணனுக்குக் காது சுத்தமாக் கேக்கறதில்லீங்க. மெஷின் பக்கம் நிக்கறவரு, எனக்குப் பயமா இருக்குதுங்க."

பயமெல்லாம் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணன் வேலையை விட்டுப் போகும்போது கேசட்டை என் கையில் வைத்தார். "நேரம் பாக்கணுமில்ல தம்பி, நீயே வச்சுக்க" என்றார். நானும் வாங்கிக்கொண்டேன். ஆறே மாதத்தில் ஃபாக்டரியையே மூடிவிட்டார்கள். அதற்குள் அண்ணன் அண்ணியோடு மழையில் கொழுந்து பறித்து நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். அதிலிருந்து அவர் முழுதாக எழுந்திருக்கவே இல்லை.

கடைசி நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குனிந்து, அவர் காதோரம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சிரித்தார். "பாட்டா? போடு தம்பி, போடு" என்று கட்டில் விளிம்பில் ஒரு தட்டு தட்டினார்.

அவரைக் கடைசிவரை தாங்கிய அண்ணிக்கும், சுமந்து சென்ற லயத்துப் பிள்ளைகளுக்கும், இன்று வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அண்ணனுக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். அன்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம். அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் உதட்டைக் காட்டாமல் காதோரம் சொன்னேன். இன்று அவர் வாசிக்கமாட்டார் என்று தெரிந்து எழுதுகிறேன்.