பருப்பு வெந்தால்தான் வீடு

எங்கள் ஆம்பூர்ப் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் வீடு வாங்குவதற்கு முன் அதை இரண்டு தடவை பார்ப்பார்கள். முதல் தடவை சும்மா கையை வீசிக்கொண்டு போவார்கள். பத்திரப் பதிவுக்கு முன்னால் இரண்டாம் தடவை போகும்போது பையில் ஒரு பொட்டலம் துவரம்பருப்பு இருக்கும். அந்த வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகிறதா என்று பார்க்க வேண்டும். தோல் பதனிடும் டேனரிகளின் புண்ணியத்தில் எங்கள் ஊர் நிலத்தடி நீருக்கு இல்லாத குணம் கிடையாது. ஒரு தெருவில் டீ திரிந்துபோகும், அடுத்த தெருவில் சோப்பு நுரைக்காது. என் பெரியம்மா டைல்ஸைப் பார்த்து மயங்கி வீடு வாங்கியவர். அவர் வீட்டு சாம்பாரில் பருப்பு தனி, தண்ணீர் தனி.

அதனால் அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "பருப்பு வேகலைன்னா வீடு வேணாம். அட்வான்ஸ் போனா போவட்டும்."

அம்மா ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். தையல் ஒரு நூல் விலகினாலும் ஷூவைத் தூக்கி ரிஜெக்ட் பெட்டியில் போட்டுவிடுவாள். வீட்டிலும் அதே கைதான். அப்பா வாங்கி வந்த கத்தரிக்காயில் பாதி கடைக்கே திரும்பிப் போகும். 'இளநீர் மாதிரி தண்ணி' என்று சொல்லிக்கொண்டிருந்த தரகரின் பருப்பு அம்மாவிடம் வேகவில்லை. அப்பாவுக்கு அந்த வீட்டின் மேல் கொள்ளை ஆசை. முதல் தடவை பார்த்தபோதே பீரோ வைக்கும் இடத்தை முழம் போட்டு அளந்துவிட்டார். நானும் ஜன்னலோர மூலையை என்னுடையது என்று முடிவு செய்திருந்தேன். அப்போது நான்காம் வகுப்பு படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் வண்டியில் போனோம். வீட்டை விற்பவர் ஒரு பாய் வீட்டம்மா. கணவர் தவறிவிட்டதால் சென்னையில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போகிறவர். அம்மா பையிலிருந்து பொட்டலத்தை எடுத்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இந்த ஊர்ப் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"குக்கர் தரட்டுமாம்மா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேணாம்க்கா. குக்கர்ல போட்டா கூழாங்கல்லும் வெந்துடும்" என்றாள் அம்மா. அப்பா, இனி அங்கே நிற்பது சரியில்லை என்பது போல மொட்டை மாடியைப் பார்க்கப் போய்விட்டார்.

மோட்டார் சுவிட்ச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "போடட்டுமாக்கா?"

"இன்னா கேள்வி கேக்கறே? போடும்மா!"

இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் சுவிட்ச், ஹவுஸ் ஓனரம்மாவின் ஹாலுக்குள் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த அம்மா காலி பக்கெட்டோடு அவர்கள் வாசலில் நின்று, "அக்கா, கொஞ்சம் மோட்டார் போடறீங்களா?" என்பாள். சீரியல் முடியட்டும் என்று பதில் வரும். விளம்பரம் உள்பட முழுதாக முடிய வேண்டும்.

அம்மா சுவிட்சைப் போட்டாள். புழக்கடைக் குழாயில் தண்ணீர் திமுதிமுவென்று கொட்டியது. பருப்பைக் கழுவ உட்கார்ந்தவள் அதைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு தன் முகத்தைக் கழுவினாள். என்னை இழுத்துக் கால் கழுவிவிட்டாள். அப்புறம் துவைக்கிற கல்லைத் தேய்த்துக் கழுவினாள். எங்கள் வீட்டில் நான் இரண்டாவது சொம்பு மொண்டாலே முதுகில் ஒன்று வைக்கிறவள் அவள். இவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

பருப்பு அடுப்பில் ஏறியது. கொதித்தது, நுரைத்தது, பொங்கி அடுப்பை அணைக்கப் பார்த்தது. வேகிற வேலையை மட்டும் செய்யவில்லை. நேரம் போகப் போகப் பாய் வீட்டம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் அலமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

"ஆப்ப சோடாம்மா. இது ஒரு சிட்டிகை போட்டாத்தான் இந்தத் தண்ணில வேகும். குடிக்கிறதுக்கு கேன் வாங்கறோம். பொய் சொல்லி வித்தா அல்லா மன்னிக்க மாட்டார்."

அம்மா டப்பாவைத் திறக்கவில்லை. அவர் கையைப் பிடித்து, "இருக்கட்டும்க்கா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கப் போகிறவனின் முகம். "இன்னா, வெந்துச்சா?"

அம்மா கரண்டியில் பருப்பை எடுத்து ஒன்றை விரலால் நசுக்கினாள். அது நழுவித் துள்ளி மேடையில் விழுந்து ஓடியது. நான் பார்த்தேன்.

"வெந்துடுச்சு" என்றாள் அம்மா.

அப்பா நாலு பருப்பை வாயில் போட்டார். நறுக்கென்று சத்தம் எனக்கே கேட்டது. ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். பிறகு, "பூ மாதிரி வெந்துருக்கு" என்றார்.

நானும் ஒன்றை எடுத்துக் கடித்தேன். "ஐயோ, கல்லு மாதிரி இருக்கே!"

பாய் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா என்று தெரியவில்லை. என் கையில் இரண்டு பேரீச்சம்பழத்தைத் திணித்தார். அப்பா, பத்திரப் பதிவுக்கு அடுத்த வாரமே நல்ல நாள் இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியில் எனக்கு ஒரே கவலை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வெந்த பருப்பு எனக்கு மட்டும் வேகவில்லை என்றால் கோளாறு என்னிடம்தான் இருக்க வேண்டும். பின்னால் திரும்பி அம்மாவிடம், "எனக்குப் பல்லு கெட்டுப்போச்சும்மா, டாக்டர்கிட்ட போணும்" என்றேன்.

"உன் பல்லு நல்லாத்தான் இருக்கு. பேசாம வா" என்றாள். அப்பாவின் முதுகு குலுங்கியது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

பல் நன்றாக இருந்தால் பருப்பு எப்படி வெந்திருக்கும் என்று வழி முழுக்க யோசித்தேன். எனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.