ஜெனரல் போய்வந்த கார்

என் மகளின் கலியாணத்துக்குக் கார் பிடிக்கும் பொறுப்பை அவளுடைய தாய்மாமன், அதாவது என் மைத்துனர், எடுத்துக்கொண்டார். ஹம்பேர்க்கில் அவர் வாடகைக்குப் பிடித்துவந்தது நீளமான, கறுப்பு நிறப் பழைய அமெரிக்கக் கார். முன்சக்கரங்களுக்கு மேலே கொடி செருகும் இரண்டு கம்பிகள் இருந்தன. அவற்றில் அவர் மல்லிகைச் சரம் சுற்றினார்.

“அத்தான், இது தென்னமெரிக்காவில ஒரு ஜெனரல் போய்வந்த கார். ஆட்சியைப் பிடிச்ச ஆள். சும்மா ஆக்களுக்குக் கிடைக்காது,” என்றார்.

காரின் சொந்தக்காரரான ஜெர்மானியர் பின்கதவுக்குக் கீழிருந்த படியைக் காட்டினார். துப்பாக்கிக்காரர்கள் அதில் நின்றபடி வருவார்களாம். தெருவிலிருந்த சனம் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டுமாம். சொல்லிச் சிரித்தார். மைத்துனரும் சிரித்துக்கொண்டே காருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைத்தார். யாழ்ப்பாணத்தில் ராணுவ வாகனம் வந்தால் என்னோடு சேர்ந்து வேலிக்குப் பின்னால் பதுங்கியவர் அவர்.

மகள் காருக்குள் வைத்த காலை வெளியே எடுத்தாள்.

“மாமா, இதில நான் ஏற மாட்டன்.”

“முகூர்த்தத்துக்கு நேரமாகுது பிள்ளை! ஜெனரல் எப்பவோ செத்திட்டான். கார் என்ன பிழை செய்தது?”

“அப்ப நீங்களே ஏறுங்கோ.”

அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ஒரு சிவப்பு விளக்கில் அந்தக் கறுப்புக் கார் எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. மைத்துனர் பின் சீட்டில் தனியே சாய்ந்திருந்து, தெருவில் நின்ற சனத்துக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.