திமகட்சோ அடித்த கண்கள்

மாலை நான்கரை மணிக்கு மவுன் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் அக்கா திமகட்சோ போய்விட்டாள். எங்கள் தாய்மாமன் ரன்டாவோவிடம் நான்தான் சொன்னேன். அவர் மாட்டுப்பட்டியின் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நாளை ஜெபத்துக்கு வருகிறவர்கள் அவளை அமைதியான பெண் என்பார்கள். அவள் ஒரு நாளாவது அமைதியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஆற்றில் வெள்ளம் ஏறி, மான்கள் விலகிப் போய், சிங்கங்கள் எங்கள் மேய்ச்சல் பக்கம் வந்துவிட்டன. ஊர்க்கூட்டத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். சிங்கம் பின்னாலிருந்து பதுங்கித்தான் பிடிக்கும், மாடு பார்த்துவிட்டது என்று தோன்றினால் விட்டுவிடும், ஆகவே மாட்டின் பின்பக்கம் இரண்டு பெரிய கண்களை வரைந்து பாருங்கள் என்றார்கள். கூட்டமே சிரித்தது. அப்படியே மூக்குக்கண்ணாடியும் போட்டுவிடலாமா என்று மாமா கேட்டார். சம்மதம் என்று கை தூக்கியவள் அக்கா ஒருத்திதான்.

மறுநாளே பழைய மெத்தையின் ஸ்பாஞ்சைக் கண் வடிவில் வெட்டி அச்சு செய்துவிட்டாள். கறுப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட். நான் கயிற்றைப் பிடிக்க, அவள் அச்சை அடிக்க, மாடுகள் உதைத்தன. பெயிண்ட் மாட்டின்மேல் இருந்ததைவிட எங்கள்மேல்தான் அதிகம். பட்டி திறந்ததும் கண்கள் ஆடி ஆடிப் புதருக்குள் போன காட்சியைப் பார்த்து அவள் மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஒன்றில்தான் கோட்டை விட்டோம். எங்கள் மந்தையில் மாமாவின் மாடுகளும் இருந்தன, வளர்க்கச் சொல்லி எங்களிடம் விட்டவை. பாலை நாங்கள் குடிக்கலாம். ஆனால் அடுத்தவர் மாட்டின் தோலில் உடையவர் அனுமதியில்லாமல் ஒரு புள்ளி வைப்பதும் எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை. ஆகவே அவற்றைத் தொடவில்லை. அந்த வாரமே சிங்கம் வந்தது. கண் வைத்த மாடுகளையெல்லாம் விட்டுவிட்டு மாமாவின் பசுவை அடித்துப் போட்டது.

மாமா வண்டியில் வந்து இறங்கினார். கையில் பூச்சிமருந்து டப்பா. செத்த பசுவின்மேல் அதைக் கொட்டிவிட்டுப் போனால், மிச்சத்தைத் தின்ன வரும் சிங்கம் சாகும். கூடவே கழுகுகள், நரிகள், எங்கள் நாய்கள் எல்லாம் சாகும். அக்கா ஓடிப்போய்ப் பசுவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"உன் மாட்டக் காப்பாத்திக்கிட்டு, என் மாட்ட வச்சு சிங்கத்துக்கு விருந்து போட்டுட்டியேடி."

"உங்க மாட்டுல நான் கை வச்சிருந்தா சும்மா விட்டிருப்பீங்களா மாமா? ஊரக் கூட்டியிருப்பீங்க."

அது உண்மை என்பதால் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. அக்கா விடவில்லை. அவருடைய மாடுகளுக்கும் அன்றே கண் அச்சு அடித்துவிடுவதாகவும், அதற்கப்புறம் ஒன்று போனாலும் மருந்தைத் தானே கலந்து வைப்பதாகவும் சொன்னாள். சொன்னால் செய்கிறவள் அவள். மாமா டப்பாவைத் திரும்ப வண்டியில் வைத்தார்; அன்றே அவர் மாடுகளுக்கும் அடித்து முடித்தோம்.

அந்த மாத முடிவுக்குள் ஒரு சாயங்காலம். மாமா, அக்கா, நான் மூன்று பேரும் வண்டியின் பின்தட்டில் நின்றுகொண்டு மாடுகள் திரும்பக் காத்திருந்தோம். புல்லுக்குள் மாமாவின் சிவப்புப் பசு மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் புல் அசைந்தது. பெண் சிங்கம். வயிறு தரையில் உரச உரச வந்தது. மாமா மருந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். அக்கா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். பசு ஒன்றும் அறியாமல் வாலை வீசி ஒதுக்கியது. இரண்டு கண்களும் பளிச்சென்று சிங்கத்தையே பார்த்தன.

சிங்கம் நின்றது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு எழுந்து, யாருமே தன்னைப் பார்க்காதது போல, வேறு பக்கமாக நடந்து போய்விட்டது.

மாமா கிசுகிசுத்தார்: "பாத்தியா? என் மாடு அத மொறச்சிடுச்சு."

"ஆமா மாமா," என்றாள் அக்கா. "உங்க வீட்டு மாடுல்ல."

மறுவாரம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த யோசனையை ஆரம்பத்திலிருந்தே நம்பியவர் போல மாமா பேசினார். ஊரில் முக்கால்வாசி மாடுகளுக்கு அப்புறம் அக்காதான் கண் அச்சு அடித்தாள். பெயிண்ட் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். மறுபடி அடிக்க வேண்டும். பூச்சிமருந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் பெண் சிங்கத்துக்குக் குட்டிகள் இருப்பதாகப் போன வாரம் மேய்க்கப் போனவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு அக்கா சந்தோஷத்தில் குதித்தாள்.

அன்றுதான் மாமாவின் புள்ளிக் கிடாரிக்கு அடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியில் ஏற்றும்போது, வந்து முடித்துவிடுகிறேன், வேறு யாரும் கோணலாக அடித்துவிடாதீர்கள் என்றாள். மாமா அந்தக் கிடாரியை இதுவரை யாரையும் தொடவிடவில்லை, மேயவும் அனுப்பவில்லை. அதற்கு இடப்பக்கக் கண் மட்டும்தான் இருக்கிறது.