"ஹோல்ட் பண்ணுங்க" என்றார் சர்ஜன்

சர்ஜிக்கல் வார்டுக்கு நான் இன்சார்ஜ் சிஸ்டர் ஆன முதல் காலையிலேயே இது நடந்தது. பிரேசர் டவுனில் நடுத்தரமான ஓர் ஆஸ்பத்திரி. ஜன்னலோரப் படுக்கையில் டேவிட் என்ற டாக்ஸி டிரைவர், கோலார் தங்கவயல்காரர். மதியம் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன். ரத்தம் உறையாமல் இருக்க அதுவரை தினமும் ஊசி போட்டு வந்தோம்.

சர்ஜன் போனில் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் கவிதா எடுத்துப் பேசினாள். போனை வைத்ததும் அதே மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு டேவிட்டிடம் போனாள். மதியம் ஆபரேஷனை வைத்துக்கொண்டு இதைப் போடுவார்களா என்று தடுத்து நிறுத்தி விசாரித்தேன்.

"ஹோல்ட் பண்ணுங்கன்னு சார் சொன்னாருக்கா. விடாம கண்டின்யூ பண்ணணும்னுதானே அர்த்தம்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஹோல்ட், ஹெல்ட், ஹெல்ட் என்று பள்ளியில் ஒப்பித்தபோது 'பிடித்துக்கொள்' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்த ஒரு சொல் பல வேலை செய்யும். போனில் ஹோல்ட் என்றால் காத்திரு. எக்ஸ்ரே அறையில் மூச்சை அடக்கு. மருந்துக்குச் சொன்னால், இப்போதைக்குக் கொடுக்காதே. அடியோடு ரத்தும் அல்ல, நிறுத்தி வைப்பதுதான். அந்த ஊசி ஏறியிருந்தால் ஆபரேஷனில் டேவிட்டின் ரத்தப்போக்கை நிறுத்துவது பெரும்பாடாகியிருக்கும்.

இருந்தாலும் என் ஊகத்தை நம்பி விட்டுவிடவில்லை. சர்ஜனுக்கே போன் போட்டேன்.

"ஹோல்டுன்னு கிளியராத்தானே சொன்னேன் சிஸ்டர்?" குரலில் எரிச்சல் தெரிந்தது.

"அது பத்தாது டாக்டர். ஊசி போடணுமா, கூடாதா? கூடாதுன்னா, திரும்ப எப்போ ஆரம்பிக்கணும்?"

இப்போது நேரடியாகச் சொன்னார்.

"போடாதீங்க. ஆபரேஷன் முடிஞ்சு நான் பார்த்துட்டுச் சொல்றேன்."

பிறகு போனைக் கவிதாவிடம் கொடுக்கச் சொன்னார். திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அவள் வாங்கினாள். அவரோ தான் சொன்னதை அவள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, டேவிட் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

அதன்பின் போனில் உத்தரவு வாங்குபவர் யாராக இருந்தாலும், தமிழிலோ கன்னடத்திலோ தனக்குப் புரிந்ததைச் சொல்லிக் காட்டிய பிறகே போனை வைக்க வேண்டும் என்றேன். சில டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தெரியாத சொல் வந்தால் நீங்களே கேட்டுவிடுவீர்கள். தெரிந்த சொல் வரும்போதுதான் கேட்கத் தோன்றாது. அப்போதும் கேளுங்கள்.