ஓலை வாசிச்ச மூணு ஞாயிறு

என் புருஷனைப் போலீஸ் கூட்டிக்கிட்டுப் போன அன்னிக்கு நான் அஞ்சு மாசம். தொண்ணூத்திரெண்டாம் வருஷம் ஜூலை. மண்ணூர்பேட்டையில எங்க ஒண்டுக்குடித்தன வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, "ஒரு விசாரணைம்மா, முடிச்சுட்டு வந்துடுவாரு"ன்னாங்க. நானும் நம்பி சோறு வடிச்சு வெச்சேன். சாயங்காலம் வரல. மறுநாளும் வரல. மூணாம் நாள்தான் தெரிஞ்சுது, அவரை இலங்கைக்காரங்களை அடைச்சு வைக்கிற சிறப்பு முகாம்ல போட்டுட்டாங்கன்னு.

சபையில இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, சாட்சி சொல்ல எழுந்திரு ராஜாத்தின்னு பாஸ்டர் எத்தனையோ தடவை கூப்பிட்டாரு. எழுந்தா ஒப்பாரிதான் வரும், சாட்சி வராதுன்னு உட்கார்ந்தே இருந்துட்டேன். இப்ப எழுதிக் குடுக்கறேன். எழுத்துல அழுதா யாருக்கும் கேக்காது பாருங்க.

என் புருஷன் பேரு யோகன். மன்னார்க்காரர். சண்டைக்குப் பயந்து எண்பத்தஞ்சுல படகேறி ராமேஸ்வரம் வந்து இறங்கினவர். அகதி முகாம்ல கொஞ்ச நாள் இருந்துட்டு, அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத் பட்டறையில வேலைக்குச் சேர்ந்தாரு. நான் பக்கத்துல எக்ஸ்போர்ட் கம்பெனியில சட்டைக்குக் காலர் தைக்கறவ. ரெண்டு பேரும் வந்து சேர்ந்த இடம் நம்ம சபை. அப்ப கீத்துக் கொட்டகைதான். அவர் "எண்டு, எண்டு"ன்னு பேசறதைக் கேட்டு நாங்க பொண்ணுங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிப்போம். மெட்ராஸ் பாஷை கத்துக்கறேன்னு ஒரு நாள் என்கிட்ட வந்து, "இன்னா மே, சௌக்கியமா கீறீரா?"ன்னாரு. அந்தக் கண்றாவிக்கே நான் அவரைக் கட்டிக்கிட்டேன்னு வெச்சுக்குங்களேன். எண்பத்தெட்டுல நம்ம பாஸ்டர்தான் நம்ம கொட்டகையில கல்யாணம் பண்ணி வெச்சாரு.

நாலு வருஷம் குழந்தையில்ல. அஞ்சாவது வருஷம் கர்த்தர் கண் திறந்தாரு. அந்த நேரத்துலதான் இந்த இடி. நாங்க ஆவடியில இருந்து மண்ணூர்பேட்டைக்கு வீடு மாத்தி வந்தப்ப, ஆவடி ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்தாரு. இங்க வந்து பதிஞ்சுக்கணும்னு அவருக்குத் தெரியல. முன்னல்லாம் அதை யாரும் பெரிசு பண்ண மாட்டாங்க. அப்ப இலங்கைக்காரங்கன்னாலே கெடுபிடி. அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு முகாம் வாசல்ல பேச்சு. அங்க அவருக்கு வீடும் இல்ல, ஆளும் இல்ல. ஒரே தம்பி, அவனையும் சண்டை தின்னுடுச்சு.

வக்கீல் வெச்சுக்கோன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க போறது வக்கீலுக்கு? நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. நானே மனு எழுதினேன். வயித்தைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறினேன். இந்த ஜன்னல்ல அந்த ஜன்னலுக்குப் போன்னுவாங்க. அங்க போனா பெரியவர் லீவுன்னுவாங்க. ஒரு வழியா ஒரு குமாஸ்தா என் பேப்பரை எல்லாம் வாங்கிப் பார்த்தாரு. நம்ம சபை முத்திரை போட்ட கல்யாண சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "உங்க பாஸ்டருக்கு லைசென்ஸ் இருக்காம்மா?"ன்னு கேட்டாரு.

"அவரு சைக்கிள்தான் சார் ஓட்டறாரு"ன்னேன்.

பாவம், அந்த மனுஷன் சிரிக்கல. கல்யாணம் பண்ணி வைக்கறதுக்கே பாஸ்டருக்கு கவர்மெண்டுல லைசென்ஸ் வேணும்னு விளக்கிச் சொன்னாரு. அது இல்லாம நடந்தது கவர்மெண்டு கண்ணுல கல்யாணமே இல்லையாம். இங்கயே தங்கறதுக்காகப் பேருக்குக் கட்டிக்கிட்டதுன்னு மேல சொல்லிடுவாங்களாம்.

"அப்ப நாலு வருஷமா நான் யாரு சார்? வயித்துல கீறது யாரு?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு பேப்பரை அடுக்கிக் கையில குடுத்தாரு. கெட்டவர் இல்ல.

பாஸ்டர்கிட்ட வந்து சொன்னேன். அவர் அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. "எனக்குத் தெரியாதே தாயே, எத்தனை பேருக்கு இந்தக் கையால பண்ணி வெச்சேன்"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. அவர் மேல எனக்குக் கோவம் வரல. எனக்கு வந்த கோவமெல்லாம் மேல இருக்கிறவர் மேல. அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல எல்லாரும் மெதுவா ஜெபம் பண்ணிக்கிட்டிருக்க, நான் கத்தினேன். "நைனா, உன் முன்னாலதான கட்டிக்கினேன்? நீ பார்த்துக்கினுதான இருந்த? எம் புருஷனை எம் வாசல்ல கொண்டாந்து நிறுத்து. அத்த மட்டும் செய்யி. வேற ஒண்ணும் உன்னாண்ட கேக்க மாட்டேன்."

இந்த வார்த்தையை நான் சொன்னேன். வயித்துல புள்ளையை வெச்சுக்கிட்டுச் சொன்னேன்.

செப்டம்பர்ல ஒரு நாள் முகாமுக்குப் போய் அவரைப் பார்த்துட்டுத் திரும்பறப்ப, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல இடுப்பு வலி எடுத்துடுச்சு. ஏழு மாசம்தான். பூ விக்கிற ஒரு அம்மா ஆட்டோவுல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ஆம்பளப் பையன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. அவங்கப்பா மாதிரியே ரெண்டு புருவமும் சேர்ந்து இருந்துச்சு. மறுநாள் மத்தியானம் வரைக்கும் மூச்சு இருந்துச்சு. அப்புறம் இல்ல.

பாஸ்டர்தான் முகாமுக்கு ஓடினாரு. அங்க இருந்த அதிகாரிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி, அடக்கத்துக்கு மட்டும்னு அனுமதி வாங்கினாரு. அடுத்த நாள் காலையில நான் வீட்டுல பாயில சுருண்டு கிடக்கறேன், தெருவுல சத்தம் அடங்கிப் போச்சு. தலையைத் தூக்கிப் பார்த்தா, எம் புருஷன் வாசல்ல நிக்கறாரு. ரெண்டு பக்கமும் ரெண்டு போலீஸ்.

நான் கேட்டது அப்படியே நடந்துடுச்சு. ஐயோ, என் வாயாலயே என் புள்ளையைக் குடுத்துட்டேனான்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேன். எதுக்கு அப்படி அழறேன்னு அங்க யாருக்கும் புரியல.

புள்ளையை நான்தான் குளிப்பாட்டுவேன்னு அவர் சொன்னாரு. உயிரோட தூக்காத புள்ளை. எப்படிப் பிடிக்கறதுன்னு தெரியாம ரெண்டு கையையும் சேர்த்து ஏந்திக்கிட்டாரு. எங்கம்மா வெந்நீர் ஊத்தினாங்க. "அப்பா வந்திட்டன் ராசா. பிந்திப் போச்சு, கோவிக்காத"ன்னு அதுகிட்ட பேசினாரு. வந்த போலீஸ்ல ஒருத்தர் வயசான ஏட்டையா. தெருமுனையிலயே விலங்கைக் கழட்டிட்டுத்தான் கூட்டிக்கிட்டு வந்தாராம், அக்கம்பக்கம் பார்க்கக்கூடாதுன்னு. அவர் எங்கம்மாகிட்ட மெதுவா, "இந்தாளு நெசமாவே கட்டினவர்தானாம்மா?"ன்னு கேட்டாரு.

எங்கம்மா ஈரக் கையோட நிமிர்ந்தாங்க. "பின்ன இன்னா சார், வாடகைக்கா எடுத்தாந்தோம்?"

பச்சை உடம்புன்னு என்னைக் கல்லறைக்குக் கூட்டிக்கிட்டுப் போகல. பாஸ்டர் வந்து சொன்னதுதான். எம் புருஷன் குழியில இறங்கிப் புள்ளையை வெச்சவரு மேல ஏற மாட்டேன்னுட்டாராம். அந்த ஏட்டையாதான் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டு, குனிஞ்சு கையைக் குடுத்து, "எழுந்து வாப்பா, அந்தப் பொண்ணு தனியா இருக்குது"ன்னு தூக்கிவிட்டாராம்.

சாயங்காலம் திரும்பப் போகணும். ஏட்டையா வாசலுக்கு வெளிய போய் நின்னுக்கிட்டாரு. அப்பதான் நான் எம் புருஷன்கிட்ட சொன்னேன், அந்த வெள்ளிக்கிழமை என்ன ஜெபம் பண்ணேன்னு. புள்ளையைக் குடுத்துத்தான் உங்களை வாங்கினேன்னு. அவர் என் முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு.

"இஞ்ச பாரும். கடவுள் என்ன யாவாரியே? பிள்ளையைத் தந்தாத்தான் புருசனை விடுவன் எண்டு பேரம் பேச? அப்பிடி நினையாதையும். அவரும் எங்களோட சேர்ந்து அழுறார் எண்டு நினையும்."

சொல்லிட்டு அவங்க கூடப் போயிட்டாரு.

அந்த வாரமே முகாம் அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. ஏட்டையா போய் தான் பார்த்ததை எல்லாம் சொல்லியிருக்காரு. அதிகாரி சுருக்கமாத்தான் பேசினாரு. "இது பொய்க் கல்யாணம் இல்லேன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா காகிதம் வேணும். லைசென்ஸ் இருக்கிற சர்ச்சுல முறையாப் பண்ணிக்குங்க. அவரை அனுப்பி வைக்கறேன். கப்பலுக்குப் பேர் போறதுக்குள்ள பண்ணுங்க."

நம்ம பாஸ்டரே வெக்கத்தைப் பார்க்காம என்னை ஒரு பெரிய சர்ச்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அங்க இருந்த போதகர் ஐயா நல்ல மனுஷன், எல்லாத்தையும் கேட்டாரு. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே. மூணு ஞாயிறு ஓலை வாசிக்கணும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு சபை முன்னால அறிவிக்கறதுதான் ஓலை.

முதல் ஞாயிறு. எனக்குப் பால் இன்னும் வத்தல. குடிக்கப் புள்ளை இல்லேன்னு அதுக்குத் தெரியுமா? பால் வத்தறதுக்கு எங்கம்மா மல்லிப்பூவை மார்ல வெச்சு துணியால இறுக்கிக் கட்டி விட்டிருந்தாங்க. அதோட போய் பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன். போதகர் ஐயா எழுந்து, "மண்ணூர்பேட்டையைச் சேர்ந்த கன்னிகை ராஜாத்திக்கும்"னு வாசிக்கறாரு. கன்னிகையாம். எனக்கு ஜாக்கெட் நனையுது. மல்லிப்பூ வாசனை. பக்கத்துல இருந்த ஒரு அம்மா என் கையைத் தட்டி, "பூ வாசம் கமகமன்னு வருதே, இப்பவே கல்யாணக் களை வந்துடுச்சு பொண்ணுக்கு"ன்னு சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்! நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு வலி நான் பிரசவத்துல கூடப் படல.

ரெண்டாவது ஞாயிறும் வாசிச்சாங்க. மூணாவது ஞாயிறும் வாசிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் தடை உண்டான்னு கேட்டு நிறுத்தறப்ப எனக்கு உசுரு போய் உசுரு வரும். ஜெபம் பண்ண வார்த்தை வரல. நைனான்னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தேன். யாரும் எழுந்திருக்கல.

கல்யாணத்தன்னிக்கு ஏட்டையாதான் அவரைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. திரும்பக் கட்டணும்னா கழுத்துல இருக்கிற தாலியை முதல்ல எடுக்கணும். எடுன்னதும் எங்கம்மா கை பின்னால போயிடுச்சு. எனக்கும் முடியல. எந்தப் பொம்பளைக்கு முடியும், சொல்லுங்க? எம் புருஷன் வந்து, "நான் கட்டினது, நானே எடுக்கிறன்"ன்னு எடுத்து, உள்ளங்கையில மூடிக்கிட்டு, ஜெபம் முடிஞ்சதும் அதே தாலியைத் திரும்பக் கட்டினாரு. சாட்சிக் கையெழுத்து நம்ம பாஸ்டர் ஒண்ணு போட்டாரு, ஏட்டையா ஒண்ணு போட்டாரு. போதகர் ஐயா கடைசி ஜெபத்தை நம்ம பாஸ்டரையே பண்ணச் சொன்னாரு. அவர் வாயைத் திறந்தாரு, அழுகைதான் வந்துச்சு. அதுக்கே எல்லாரும் ஆமென் சொன்னோம்.

அந்தக் காகிதத்தை வெச்சு திரும்ப மனு போட்டேன். திரும்ப ஜன்னல் ஜன்னலா நின்னேன். பழைய குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து வாங்கினாரு. வயித்தைப் பார்த்தாரு. கப்பல் போச்சு, அதுல அவர் பேரு இல்ல. கிறிஸ்துமஸுக்கு முன்னால உத்தரவு வந்துச்சு. பொண்டாட்டி கூட இருக்கலாம், மாசா மாசம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். அவர் ஒரு துணிப்பையோட தனியா பஸ் ஏறி வந்தாரு. வீட்டுக்கு வரல. நேரா கல்லறைக்குப் போயிட்டு, சாயங்காலம்தான் வந்தாரு.

இப்ப எங்களுக்கு ரெண்டு பொண்ணுங்க. வக்கீல் இல்லாம, படிப்பு இல்லாம, ஒரு கூலிக்காரியை அத்தனை வாசல்லயும் நடத்திக் கூட்டிக்கிட்டுப் போனவர் கர்த்தர்தான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா யாராவது வந்து, புள்ளையை எடுத்துக்கிட்டுத்தான் புருஷனைக் குடுத்தாருன்னு ஆறுதல் சொன்னா, நல்லாக் குடுப்பேன் வாங்கிக் கட்டிக்க. ஏன் எடுத்தாருன்னு எனக்குத் தெரியாது. ராத்திரியில இன்னும் கேக்கறேன். பதில் வரல. கேக்கறதை அவரும் தடுக்கல.

முன்னல்லாம் நான் உண்டு, என் தையல் மிஷின் உண்டுன்னு இருந்தவ. இப்ப சனிக்கிழமைன்னா அகதி முகாம் பொண்ணுங்க யாராவது என்னைத் தேடி வருவாங்க. அவங்க கூட ஆபீசுக்குப் போறேன். எந்த ஜன்னல்ல நிக்கணும், யார்கிட்ட பணிவாப் பேசணும், யார்கிட்ட குரலை உசத்தணும், எல்லாம் எனக்குத் தெரியும். பாஸ்டரும் இப்ப கல்யாணம்னு யார் வந்தாலும் முதல்ல அந்தப் போதகர் ஐயாகிட்டதான் அனுப்பறாரு.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு காரியம் தொங்கிக்கிட்டிருந்தா, ஒத்தையில நின்னு புழுங்காதீங்க. எங்க வீட்டுக்கு வாங்க. ஆண்டவர் மேல கோவமா இருந்தா அந்தக் கோவத்தோடயே வாங்க, அவர் தாங்குவாரு. முதல்ல முழங்கால் போடுவோம், அப்புறம் ஆபீசுக்குப் போவோம். ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டு ஜெபத்துல முதல் ஸ்தோத்திரம் எங்க மவனுக்காகத்தான். ஒரு நாள் எங்களுக்குப் புள்ளையா இருந்தானே, அதுக்காக. கொஞ்சம் நேரமாகும், எம் புருஷன் அந்த இடத்துல அழுதுட்டுத்தான் மேல ஜெபம் பண்ணுவாரு. பொறுத்துக்கிட்டு இருங்க. அப்புறம் உங்க காரியத்தைச் சொல்லுங்க.